மாரியாயி சொல்லிவிட்டாள்

தேயிலைச் செடி மேல் நான் இருமித் துப்பியதை முதலில் பார்த்தவள் மாரியாயி. பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

"சரசு, இது வெத்தல இல்லடி. ரத்தம்."

எழுபதுகளின் தொடக்கம். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். என் மகள் வள்ளிக்கு அப்போது மூன்று வயது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

ஒரு மாதம் மாரியாயி தன் கூடையிலிருந்து அள்ளி என் கூடையை நிரப்பினாள். பிறகு ஒருநாள் சரிவிலேயே மயங்கி விழுந்தேன். மறுநாள் காலை தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எத்தன நாளா ரத்தம் வருது? மறைக்காம சொல்லு லா."

அவர் பின்னால் நின்ற மாரியாயி தலைகுனியவில்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். திட்டணும்னா பொழச்சு வந்து திட்டு."

"இனிமே எம் மூஞ்சியில முழிக்காத" என்றேன்.

மலையடிவாரத்து அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே (நெஞ்சின் உள்படம்) எடுத்தார்கள். காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்). தினமும் ஸ்டிரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி) போட்டார்கள். ஊசிக்குப் பின் காதுக்குள் வண்டு சுற்றும். வள்ளியைப் பார்க்க அனுமதி இல்லை.

தமிழ் பேசும் மருத்துவர் படத்தைக் காட்டினார். "வலது பக்கம் கெட்டுருச்சு. இடது பக்கம் இப்பத்தான் தொட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா காப்பாத்தியிருக்க முடியாதும்மா. யாரு ஒங்கள இங்க அனுப்புனது?"

"என் கூட்டாளி" என்றேன்.

அடுத்த ஞாயிறு வந்த கணவர் சன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "மாரியாயி குடும்பம் கடல் தாண்டி சொந்த ஊருக்கே போயிருச்சு. குடியுரிமை இல்லாத சிவப்பு கார்டுக்காரங்களுக்கு வேலை பெர்மிட் இல்லன்னுட்டாங்க. பினாங்குல கப்பல் ஏறிட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "போறதுக்கு முந்தி ஒன்னப் பாக்க பஸ்ஸுக்கு வந்து நின்னா. நீ சொன்னத நெனச்சு ஏறாம திரும்பிட்டா."

அன்று நான் சாப்பிடவில்லை.

மாதங்கள் கழித்து வீட்டுக்கு வந்தபோது வள்ளி என்னிடம் வரவில்லை. கதவோரம் நின்று பார்த்தாள். நாலாம் நாள் தானாக வந்து என் நெஞ்சில் காது வைத்தாள். "அம்மா, உள்ள விசில் அடிக்குது." கணவர் அடுப்படியில் இருந்து சிரித்தார். அவர் குழம்பு வைக்கக் கற்றிருந்தார்; உப்புத்தான் எப்போதும் தூக்கல். அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு மகனும் பிறந்தான்.

மாரியாயிக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஊர்ப் பெயர் மட்டுமே தெரியும். பதில் இல்லை.

இதைப் படிக்கும் நோயாளிகளுக்கு: மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். உங்கள் நோயை வெளியே சொன்னவரிடம் கோபமாக இருந்தால், அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

இப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. மேட்டில் ஏறும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறேன். என் உடம்புக்கு அவ்வளவுதான் மூச்சு. முன்பு ஓடி ஓடித் தீர்த்த நாட்கள் இப்போது நின்று நின்று போகின்றன. வள்ளியும் அவள் தம்பியும் எனக்காக நின்று, சிரித்துப் பேசிக்கொண்டு காத்திருக்கிறார்கள். மனம் நிறைந்துதான் இருக்கிறது.

நான் பிழைத்துக்கொண்டது மாரியாயிக்குத் தெரியாது.