வெள்ளிக் காசுக்குக் காவல்

அந்த வீட்டின் பின்னறைக்கு ஜன்னல் உண்டு, திறப்பதுதான் கிடையாது. பின்னால் சாக்கடை ஓடியது. அந்தக் காற்று பட்டால் வெள்ளி கறுத்துவிடும் என்று அண்ணன் ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்து வைத்திருந்தார். வெள்ளிக்கு அது நல்லதுதான். அதே அறையில் படுத்து எழுந்த தங்கைக்கு நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

புருஷன் கண்ணை மூடியபோது கையில் பெண் குழந்தையோடு வந்து நின்றவள் அவள். அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சோறு போட்டார், குழந்தையைப் படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து கொடுத்தார். அந்த நன்றிதான் அவள் காலைக் கட்டிப் போட்டது. அடித்து உதைத்திருந்தால் என்றைக்கோ கிளம்பியிருப்பாள்.

அண்ணனுக்குப் பழைய வெள்ளிக் காசுகள் என்றால் உயிர். சேர்ப்பது அவர் வேலை, பாதுகாப்பது தங்கை வேலை. மரப்பெட்டியில் வைக்கக் கூடாது, மரத்திலிருந்து ஏதோ ஆவி வருமாம். ரப்பர் பேண்டு ஆகாது. செய்தித்தாளில் சுற்றக் கூடாது. வழவழப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டால் பச்சையாகப் பிசுபிசுக்கும். தகரப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக, வெள்ளைப் பருத்தித் துணி விரித்து அடுக்க வேண்டும். நடுவே ஈரம் உறிஞ்சும் மணிகளைச் சிறு பையில் போட்டு வைக்க வேண்டும். நீல மணி ஈரம் குடித்து இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். காசைத் தொட்டால் கையுறை போட்டு விளிம்பைப் பிடித்துத்தான் தொட வேண்டும்.

அவளுக்குக் கம்பளிப் போர்வைகூடக் கிடையாது. கம்பளிக்கும் வெள்ளிக்கும் ஆகாது. குளிர் காலத்தில் இரண்டு பழைய புடவையைச் சேர்த்துப் போர்த்திக்கொள்வாள்.

"ஒரு முட்டை அவிச்சுத் தின்ன இந்த வீட்ல வழியில்ல. அந்த வாடைக்குக் காசு கறுத்துடுமாம். நான் கறுத்துப் போனா மட்டும் யாருக்கும் கவலையில்ல" என்று அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"நீ எப்ப வெளுப்பா இருந்தே?" என்பார் அண்ணன்.

"பொண்ணு பாக்க வந்தப்போ உங்க கண்ணு எங்க போச்சாம்?"

தங்கை சிரிப்பாள், அதுவும் சத்தம் வராமல். அந்த அறைக்குள் பேசக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். எச்சில் தெறித்தால் அன்றைக்குத் தெரியாது, பல நாள் கழித்துப் புள்ளியாகக் கிளம்பும். மகள் போன் செய்தால்கூட அவள் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்த்தான் பேசுவாள். அண்ணன் பிள்ளைகள் சிறு வயதில் அவளுக்கு 'வெள்ளி அத்தை' என்று பேர் வைத்தார்கள். அவர்கள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பேர் மட்டும் அவளோடு அந்த அறையில் தங்கிவிட்டது.

இப்போது மகள் முழுகாமல் இருந்தாள். "அம்மா, எனக்கு நீ வேணும். எப்ப வரே?" என்று தினமும் கேட்டாள்.

மகளிடம் போகட்டுமா என்று அண்ணனிடம் கேட்டாள். "நீ போயிட்டா இதை யாரும்மா பாத்துப்பாங்க? எனக்குக் கண்ணும் தெரியல, கையும் நடுங்குது. ஒண்ணு பண்றேன். மொத்தத்தையும் ஒரு நல்ல கையில குடுத்துடறேன். அப்புறம் நீ நிம்மதியா கிளம்பு."

அன்று முதல் அவளுக்கு ஒரே வேண்டுதல். விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டியைத் திறப்பாள். மங்கிய பல்பு வெளிச்சத்தில் மேல்தட்டின் மேல் நன்றாகக் குனிந்து முணுமுணுப்பாள். "சாமி, இதுங்களை ஒரு குறையும் இல்லாம நல்ல கையில சேத்துடு. என்னை எம்பொண்ணுகிட்ட சேத்துடு." சாமியிடம் சொல்வது பேச்சில் சேர்த்தி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சில வாரம் கழித்து, அண்ணன் சொல்லியனுப்பிய நாணய வியாபாரி வந்தார். கூடத்தில் நல்ல வெயில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணில் வைத்து மேல்தட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு லென்ஸை எடுத்துவிட்டார்.

"ஐயா, வச்சிருந்த விதத்துல ஒரு குத்தமும் இல்ல. ஆனா யாரோ இதுங்க மேல குனிஞ்சு பேசியிருக்காங்க. பாருங்க, பொடிப் பொடியா புள்ளி. இருக்கறதுலயே நல்ல காசுங்க மேலதான் விழுந்திருக்கு."

"துடைச்சா போகாதா?"

"துடைச்சா புள்ளியோட மினுக்கமும் சேந்து போயிடும். இந்தத் தட்டுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததே. இப்படி எனக்கு வேண்டாம்."

வாசற்படியில் நின்றிருந்த தங்கைக்கு எல்லாம் காதில் விழுந்தது. விடுதலைக்காக வேண்டிய வாயே கதவைச் சாத்திவிட்டது.

வியாபாரி போனதும் அவள் மெல்ல வந்தாள். "அண்ணே, அது நான்தான்."

அண்ணன் சிரித்தார். "நீயா? போம்மா. உன் வாயிலருந்து ஒரு வார்த்தை வாங்கறதே பெரும்பாடு."

"நிஜமாத்தாண்ணே. சாமி கும்பிட்டேன்."

"கும்பிட்டா புள்ளி விழுமா? அந்தாளு விலையைக் குறைக்கக் கதை விடறான்." தட்டைப் பெட்டிக்குள் வைத்தபோது அவர் முகத்தில் வருத்தத்தைக் காணோம், ஒரு நிம்மதிதான் இருந்தது. "விடு. குடுக்க எனக்கும் மனசில்ல. நீ இருக்கற வரைக்கும் இதுக்கு ஒண்ணும் வராது."

கேட்டுக்கொண்டிருந்த அண்ணி நாத்தனார் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். சற்று நேரத்தில் முட்டை வேகும் வாடை வீடெங்கும் பரவியது.

"என்னடி அது?" என்று அண்ணன் பதறினார்.

"முட்டைதான். உங்க தங்கச்சிக்கு. வந்த நாள்லருந்து அவளும் வாய்க்கு ருசியா எதைத் தின்னா?"

அந்த நேரம் பின்னறையில் போன் அடித்தது. பெட்டியைத் திரும்ப அங்கே கொண்டுபோன தங்கை, அதைத் திறந்து வைத்து மணிப் பையை மாற்றிக்கொண்டிருந்தாள். வழக்கம்போலத் தாழ்வாரத்துக்குப் போக எழுந்தவள், நின்றாள். பிறகு அங்கேயே, திறந்த தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லும்மா. ஆமா, இங்கதான் இருக்கேன். உம்புருஷனை அனுப்பி வையி. வந்து கூட்டிட்டுப் போகட்டும். இல்ல, வித்துப் போகல. போகாட்டி என்ன? நான் வரேன்."

அந்த அறைக்குள் இவ்வளவு சத்தமாக அவள் பேசியதே இல்லை. அண்ணன் ஓடி வந்து வாசலில் நின்றார். அவள் வாயையும் காசுகளையும் மாறி மாறிப் பார்த்தார். கையை நீட்டினார்.

"மூடியையாவது போட்டுட்டுப் பேசும்மா."

அவள் மூடியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்க போடுங்கண்ணே. இனிமே நீங்கதான் போடணும்" என்றாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம், சொல்லு. வாந்தி நின்னுச்சா?" என்று கேட்டாள்.