பந்தோபஸ்து முடியட்டும்

விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழக்கில் சிக்கிய பையன்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு, கவுன்சலிங் கொடுக்கும் ஆற்றுப்படுத்துநராக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேர்தான் பெரிது. பேசுவதைத் தவிர என் கையில் வேறொன்றும் கிடையாது.

அந்த மார்கழியில், திருமங்கலத்துப் பக்கம் பைக் திருடியதாக ஒரு பதினாறு வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். வந்ததிலிருந்து அவன் தூங்கவில்லை. சோற்றைத் தொடவும் பயந்தான். காதுக்குள் ஓர் ஆள் இருந்துகொண்டு ஓயாமல் திட்டுவதாகச் சொன்னான். "யாருடா அது?" என்று கேட்டால், "தெரியலக்கா, ஆனா எங்க வீட்டு ஆளுக பேரெல்லாம் சொல்லுறான்" என்பான்.

வார்டன் சிரித்தார். "நடிக்கிறான் மேடம். ஆஸ்பத்திரிக்குப் போனா ஓடிரலாம்ல." அவரையும் குறை சொல்ல முடியாது, அப்படி ஓடியவர்கள் உண்டு. ஆனால் தனியாக இருக்கும்போது அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாருக்குக் காட்ட அந்த நடிப்பு? வாராவாரம் வருகிற டாக்டரும் பார்த்துவிட்டு, பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் உடனே காட்டச் சொன்னார்.

காட்ட வேண்டுமென்றால் வழிக்காவலுக்குப் போலீஸ் வர வேண்டும். போன் போட்டேன். தை பிறக்கப் போகிறது, எல்லோருக்கும் அலங்காநல்லூரில் டியூட்டி. "ஜல்லிக்கட்டு பந்தோபஸ்து முடியட்டும் மேடம், அனுப்பி வைக்கிறோம்." எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. காளைக்கு மருத்துவப் பரிசோதனை, பிடிக்கிறவனுக்கு மருத்துவப் பரிசோதனை, பக்கத்திலேயே ஆம்புலன்ஸ். என் பையனுக்குத் துணையாக வர இரண்டு பேர் கிடையாது. டிவியில் வாடிவாசலைப் பார்த்து மற்றப் பையன்கள் விசிலடித்தார்கள். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தான்.

பொங்கல் முடிந்தது. போலீஸ் வருவதற்குள் ஜாமீன் வந்துவிட்டது. வயக்காட்டுக் கூலி வேலை பார்க்கும் அவன் அம்மா ஒரு புதுச் சட்டையோடு வந்து நின்றாள். அவளை உட்காரவைத்து, இது சர்க்கரை, பிரஷர் மாதிரி ஒரு நோய்தான், மாத்திரையில் அடங்கும், இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் கூட வருகிறேன் என்று கெஞ்சினேன்.

"கோவிச்சுக்காத தாயி. திருட்டுப் பயன்னா ஊரு கொஞ்ச நாள்ல மறந்துரும். கிறுக்குப் பயன்னு பேரு விழுந்துச்சுன்னா இவன் அக்காளுக்கு எவன் மாப்ளயா வருவான்? உள்ள கெடந்த பயத்துல ஒளறுறான். வீட்டுக்கு வந்தாச் சரியாப் போயிரும்."

அவளைக் கட்டாயப்படுத்த எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஊரைப் பற்றி அவள் சொன்னதில் பொய்யும் இல்லை, அதுதான் என்னை இன்னும் வாட்டியது.

கேட் வரை போனேன். புதுச் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று கிடந்தது. அம்மா அளவு நினைத்து வாங்கிய பிள்ளை இவ்வளவு இளைத்திருக்கவில்லை. அவன் அவளை விட்டுவிட்டு என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, அவன் இங்கனயே இருந்துக்கிருவானா, இல்ல எங்க கூட பஸ்ஸுல வருவானா?"

"யாரும் வர மாட்டாக, வாடா" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அவன் என் பதிலுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.