ரதி வேஷத்திலும் தெரிந்த நடை

மூன்று கொரோனா ஊசியும் போட்டவரை இந்தக் கிருமி எப்படிக் கொண்டுபோனது? தங்கராஜா சேர் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் காலமானார் என்ற செய்தி ஞாயிறு காலை றக்வானைக்கு வந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். நான் உயிரியல் படிப்பிப்பவள். பொதுவான காரணங்கள் தெரியும். அவருக்கு ஏன் என்பது மட்டும் தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து நான் மாற்றலாகி வந்தபோது அவர் இங்கே தமிழாசிரியர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். மாசி மாதக் காமன் கூத்தில் ரதியாக ஆடுவார். முதல் வருடம் மீசையை எடுத்து, அரிதாரம் அப்பி, சேலையில் வந்தவரை எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"நம்ம சேரு வாராருடி, நடையப் பாரேன்!" என்று பெண்கள் சிரித்தார்கள். இடது காலைச் சற்று எறிந்து நடப்பார்.

பின்பு அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகின. மனைவி புஷ்பா அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். உடம்பு அதை அந்நியமென்று தள்ளாதிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் குளிசைகளை விழுங்கிவந்தார்.

"சம்சாரத்தக் கண்டுக்காதவன ஊரே திட்டும் மிஸ். எனக்கு, கண்டுக்காம இருக்க டாக்டரே மருந்து குடுக்குறாரு."

"ரொம்பப் பேசுனா குடுத்தத திருப்பிக் கேட்டுருவேன்" என்பார் அக்கா.

மூன்றாவது கொரோனா ஊசிக்கு ஆட்கள் தயங்கியபோது கோயில் மண்டபத்தில் நான் பேசினேன். கிருமியின் மேலுள்ள கூர்ப்புரதம் நம் உடற்கலத்தின் வாங்கி என்ற கொக்கியைப் பற்றித்தான் உள்ளே நுழைகிறது. ஊசியால் உடம்பில் உருவாகும் பிறபொருளெதிரிகள் அந்தக் கூரைப் பிடித்துத் தடுக்கின்றன. கூர் உருமாறினால் அந்தப் பிடி நழுவும் என்றேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை.

சேர் எழுந்தார். "மூஞ்சிய மட்டும் பாத்து வச்சவன் அரிதாரத்துல ஏமாந்துருவான். நடையையும் பாத்து வச்சவன் பிடிச்சிருவான். ஊசி ரெண்டையும் காட்டிக் குடுக்குதுங்க. அதனாலதான் நோவு வந்தாலும் நெறையப் பேரு பொழைச்சுக்கிறாங்க."

"முழுசா மாறிட்டா?" என்றது ஒரு குரல்.

"வாய்மேலயும் அரிதாரத்த அப்புனா ரதி எப்படிப் பாடும்? ஒட்டுற எடத்த ரொம்ப மாத்துனா அதுக்கே ஒட்ட முடியாது."

நான் விடவில்லை. "கிருமி யோசிச்சு வேஷம் போடுறேல்லை, சேர். பெருகேக்கை வாற பிழையள்தான். தப்பினது மிஞ்சுது. சில மாற்றத்திலை பிடியும் இறுகும், ஆளும் தெரியாது."

"யாழ்ப்பாணத்து மிஸ் நம்மள ஆடவே விட மாட்டாங்க!" மண்டபம் சிரித்து ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னார்: "என் ஒடம்புல ஊசி சொன்னது சரியா நிக்காதாம். எனக்காக நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும்."

பலர் போட்டுக்கொண்டார்கள். அக்கா அன்று காய்ச்சலென்று விட்டுவிட்டார். பிறகும் கிருமி சேரிடம் வந்தது. உருமாறிய கிருமி, குளிசைகளால் மந்தமான உடம்பு; இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்காவின் தனிமைப்படுத்தல் முடிந்தும் சேர் திரும்பவில்லை. இறந்த அன்றே அங்கேயே எரித்தார்கள்.

அடுத்த நாள் அதே மண்டபத்தில் விடுபட்டவர்களுக்கு ஊசி. "சேருக்கே ஒதவலியே" என்ற பேச்சு லயமெல்லாம் பரவியிருந்தது. ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். மழை பெய்தது. குடைகளோடு சிலர் மேட்டிலிருந்து இறங்கினார்கள், பலர் வரவில்லை. முகக்கவசம் போட்டிருந்தாலும் முன்னால் வந்தவரை நடையால் கண்டுகொண்டேன். சாவு வீட்டார் இவ்வளவு சீக்கிரம் வெளியே வருவதில்லை. ஆனாலும் அது புஷ்பா அக்காதான்.

"என்ன பாக்குறீங்க மிஸ்? குடுத்தது அவரோட போயிருச்சு. எங்கிட்ட இப்ப ஒண்ணுதான இருக்கு" என்று தாதியிடம் கையை நீட்டினார்.

வந்தவர்கள் எல்லோரையும் நடையை வைத்தே அடையாளம் கண்டேன். கடைசி ஆளும் போன பிறகு, இடது காலைச் சற்று எறிந்து வரும் ஒருவருக்காக அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போய் வாருங்கள், சேர். எந்த வேஷத்தில் வந்தாலும் இனி எனக்கும் தெரியும்.