எட்டு வாரக் கணக்கில் கங்கையம்மன் காட்டிய உண்மை

புரட்டாசி பதிமூன்றாம் தேதி, சனிக்கிழமை. எங்கள் வீட்டில் ஒரு குழந்தை வரப்போகிறது என்று உறுதியான நாள். அன்று மத்தியானம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம் எங்களுடையது. அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் முதலில் படித்தவன் நான். டிப்ளமோ முடித்து சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். வைகாசியில் எனக்கும் செய்யூர் கோமதிக்கும் கல்யாணம். வழக்கப்படி ஆடி பிறந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினோம். அந்த மாதம் முழுக்க நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆவணி முதல் தேதிதான் அழைத்து வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ரிப்போர்ட்டை நானே படித்துச் சொன்னேன். இதயத் துடிப்பு இருக்கிறது. நீளம் பதினாறு மில்லிமீட்டர். எட்டு வாரம்.

மீன் விற்கும் என் அக்கா தேசம்மா விரலிலேயே கணக்குப் போட்டாள்.

“இன்னாடா எட்டு வாரம்? நீ இட்டாந்து ஆறு வாரம்தானே ஆவுது? ஆடியில இவ எங்க இருந்தா?”

“வாய மூடுடி” என்று அம்மா அதட்டினாள். ஆனால் அவளும் கோமதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கோமதி என்னைப் பார்த்தாள். “நீ இன்னா நெனைக்கிற?”

நான் பேசவில்லை. அதுதான் நான் செய்த பாவம். ஆவணி ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று நாள். எப்படி எண்ணினாலும் எட்டு வாரம் வரவில்லை. யாரிடம் கேட்பது? கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் சொன்னாள்: “நாளைக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். பஸ் ஏத்தி வுட்டாப் போதும்.”

வேலை முடிந்து நேரே கங்கையம்மன் கோயிலுக்குப் போனேன். யூனிபார்மோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். “தாயே, எது உண்மையோ அதைக் காட்டு. அதுவரைக்கும் என் வாயிலிருந்து ஒரு கெட்ட சொல் வராமல் பார்த்துக்கொள்.” வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை. கோமதியின் பையை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஸ்கூட்டரில் நர்சம்மா வந்து நின்றார். கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வருகிறவர்.

“எங்க கெளம்பிட்டீங்க? பேர் எழுதினு போங்க. கடைசியா எப்பம்மா தூரமானே?”

“ஆடிப்பெருக்குக்கு மறுநாள்” என்றாள் கோமதி.

ரிப்போர்ட்டையும் காலண்டரையும் பார்த்து எண்ணினார். “ஸ்கேன் வரிக்கும் அம்பத்தாறு நாள். எட்டு வாரம். கரெக்டா கீது.”

என் நாக்கு தானாக அவிழ்ந்தது. “இவ ஆவணியிலதான் வந்தா, நர்சம்மா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இதுக்குத்தான் பையா? வாரத்தை எண்றது தூரமான மொதோ நாளுலேருந்து. புள்ள தங்கறது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சி. இந்த மொத ரெண்டு மூணு மாசத்துல எல்லாப் புள்ளைங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளரும். அதான் தலையிலேருந்து குண்டி வரிக்கும் அளந்து வாரம் சொல்றாங்க. உம் புள்ள தங்கி ஆறு வாரம்தான் ஆவுது. படிச்சவன்தானே, ஒரு வார்த்த கேக்கக் கூடாது?”

வாசலில் நின்ற அக்கா வாயைப் பிளந்தாள். “அப்போ ரெண்டு வாரம் ஓசியிலயா சேத்துக்கறாங்க?” என்றவள், கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “இந்தப் பாழாப்போன வாய மன்னிச்சிடும்மா.”

கோமதி அவளை உடனே மன்னித்தாள். என்னை அல்ல. “அவங்க கேட்டாங்க. நீ கேக்கக்கூட இல்லியே” என்றாள். அன்று அவள் ஊருக்குப் போகவில்லை. ஆனால் என்னோடு சரியாகப் பேசப் பத்து நாள் ஆனது.

இப்போது ஆறாவது மாதம். ஒவ்வொரு செக்கப்புக்கும் கூடவே போகிறேன். புரியாததை வெட்கப்படாமல் கேட்கிறேன். சித்திரைக் கடைசியில் பிறக்கும் என்கிறார்கள்.

சந்தேகத்தில் வெந்துகொண்டிருக்கும் சகோதரர்களே, அம்மனிடம் உண்மையைக் கேளுங்கள். அவள் யாரையாவது அனுப்புவாள். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் அழுதுகொண்டிருப்பவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் உட்காராத அந்த நான்கு நாளையும் பொறுத்துக்கொண்டு, எங்களைப் பிரிக்காமல் காத்தவள் அந்த அம்மன்தான்.