முற்றத்துக்கு மேல் ஒரு கூரை

1982, மே மாதம். பகல் இரண்டு மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். ஊர் பார்க்க வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சரசுவுக்கு இரண்டு வருடமாக மூச்சிளைப்பு. “மருந்து பாதிதான் கேட்கும், காற்றோட்டமான வீடு பாருங்கள்” என்று தில்லை நகர் டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற வீட்டைச் சரிசெய்வது, முடியாவிட்டால் வேறு வீட்டில் குடிவைப்பது என்று மெட்ராஸிலிருந்து கிளம்பியிருந்தேன்.

ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ். டிக்கெட் அறுபது பைசா. சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. கீழே தண்ணீர் இல்லை, வெறும் மணல்.

“சட்டைப் பட்டனைக் கழட்டி விட்டுக்குங்க சார். பாலம் தாண்டினா இது கெடைக்காது,” என்றார் கண்டக்டர்.

அந்த ஊர் வீடுகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சித்திரை வீதியில் வீடுகள் குறுகலாக, ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. எல்லாம் நடுவில் இருக்கும் திறந்த முற்றத்தை நம்பித்தான். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போகும், வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வரும். சரசுவின் கல்யாணத்தன்று நல்ல வெயிலில் அங்கே பந்தி பந்தியாகச் சாப்பிட்டோம். ஒரு மின்விசிறி கிடையாது, பகலில் விளக்குப் போட்டவரும் கிடையாது.

இப்போது மூன்றரை மணிக்கே பல்பு எரிகிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் முன்கட்டு மூத்தவருக்கு, பின்கட்டு சரசுவின் புருஷனுக்கு. முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். உன் பக்கத்து மழை என் பக்கம் தெறிக்கிறது என்று சண்டை போட்டார்கள். கடைசியில் இருவருமே மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு மூடிவிட்டார்கள். சரசுவுக்கு மிச்சம் கொல்லைக் கதவு ஒன்றுதான். வெளியேற வழியில்லாத இடத்துக்குள் காற்று ஏன் வரப்போகிறது? அடுப்புப் புகை கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்ப இறங்குகிறது. இரண்டு மின்விசிறிகள் அதே வெக்கையை இரவும் பகலும் கடைகின்றன, கரண்ட் போனால் அதுவும் இல்லை.

“வாங்க…ண்ணே.” அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூச்சில் சொன்னாள் சரசு.

மறுநாள் காலை மாப்பிள்ளையும் நானும் இரண்டு பஸ் மாறி எடமலைப்பட்டி புதூரில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போனோம். புது வீடு, காங்கிரீட் தளம். நாலு ஜன்னலில் மூன்று ஒரு முழ தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தன. சுவர் உச்சியிலிருந்த காற்றுத் துவாரங்களில் கண்ணாடி பதித்துச் சிமெண்ட் பூசியிருந்தது.

“தூசி வருதுன்னு அடைச்சுட்டேங்க,” என்றார் வீட்டுக்காரர். “ஃபேன் போட்டுக்கலாமே, என்ன இப்ப?”

பதினொரு மணிக்கே தளம் காய்ந்து, உள்ளே நிற்க முடியவில்லை. திரும்பி வந்தோம்.

“மாப்பிள்ளை, உங்க பக்கத்துக் கூரையையாவது எடுத்துடுங்க,” என்றேன்.

“எப்படி மச்சான்? ரெண்டு பேரும் கேஸ் போட்டிருக்கோம். தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு ஸ்டே இருக்கு.”

வீதியைச் சுற்றி வாசல் பக்கம் போய் மூத்தவரைப் பார்த்தேன். காப்பி கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார். “எனக்குந்தாங்க ராத்திரியில மூச்சு முட்டுது,” என்றார். “அவன் கேஸை வாபஸ் வாங்கட்டும். நாளைக்கே நானே ஏறிப் பிரிச்சுடறேன்.”

நல்ல சேதியாக நினைத்து ஓடிவந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

“மொதல்ல அவரு வாங்கட்டும். நான் வாங்கினா முற்றம் பூரா அவருக்குப் போயிடும் மச்சான்.”

“சரசு போயிட்டா?”

அவர் எழுந்துபோய் மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்தார். சரசு அடுக்களையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப அவள் மட்டும் வந்தாள். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் நெஞ்சின் இரைச்சல் அடங்கியது.

“என்கூட மெட்ராஸுக்கு வந்துடு,” என்றேன்.

“வரமுடியாதுண்ணே. நான் வீட்டை விட்டுக் கிளம்பினா அனுபோகம் விட்டுப் போச்சுன்னு கேஸு அவங்க பக்கம் திரும்பிடுமாம், நேத்து சாயங்காலம் வக்கீல் சொன்னாராம்.” நான் வந்த நாளிலிருந்து அவள் இடையில் நிறுத்தாமல் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ரயில் வந்தது. “லேட்டுன்னு சொன்னாங்களே,” என்று அவள் முகம் வாடியது. நான் போகிறேனே என்று வாடினாள் என நினைத்துக்கொள்ள ஆசைதான். அப்படி இல்லை. ரயில் நகர்ந்த பிறகும் அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டும்.

கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் பெட்டி முழுக்கக் காற்று. எதிரே இருந்தவர் என்னைப் பார்த்தார்.

“ரொம்ப அடிக்குதுங்க, எறக்கிடட்டுமா?” என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திராமல் ஷட்டரை இறக்கிவிட்டார்.