ஜானி படத்துக்கு நான் சொன்ன கதை

கார்ட்டூன் படத்துக்கு வரைவதைவிட விசாரிப்பதுதான் பெரிய வேலை என்று எனக்கு முதலில் சொன்னது என் மகள் செல்வி, போன தை மாதம். சென்னையில் கார்ட்டூன் வரைவதுதான் அவளுக்கு உத்தியோகம். எங்கள் வீட்டு நாய் ஜானியைப் பற்றி ஐந்து நிமிஷப் படம் ஒன்றைச் சொந்தமாக எடுக்கத் திட்டம் போட்டாள். விவரம் சொல்லும் வேலை எனக்கு. பிள்ளைகள் வேலையில் மாட்டிக்கொண்ட அம்மாக்களுக்கு என் பாடு புரியும். எனக்கு அதற்கு மேல் ஒரு பயமும் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், அவள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது, ஜானி தூக்கத்திலேயே போய்விட்டான் என்று நான் போனில் சொன்னது பொய்.

வால்

முதல் கேள்வி வாலைப் பற்றி. செல்வி வீடியோ காலில் படத்தைக் காட்டினாள். வால் வலது பக்கம் சுருண்டிருந்தது. இடது பக்கம் என்றேன் நான். என் வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தபடியே, "வலதுதான், சரியா போட்டிருக்கா" என்றார். இரண்டு பேரும் அடித்துப் பேசினோம். கடைசியில் அவர் தறியில் ஓடும் நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு அவன் மூஞ்சி தெரியும். நீ எப்பவும் தொரத்திக்கினே இருந்தே, உனக்குப் பின்பக்கம்தான் தெரியும்!"

குரல்

ஜானியை நான் கூப்பிடும் குரல் படத்தில் வர வேண்டுமாம். "ஜானி, வாடா, சோறு வெச்சிருக்கேன்" என்று போனில் பேசி அனுப்பினேன். செல்வியோடு வேலை செய்யும் தினேஷ், மரியாதையான பையன், திட்டுவது போல இருக்கிறது, கொஞ்சம் பாசமாகப் பேசுங்கள் என்றான். மூன்று தடவை பேசியும் சரிவரவில்லை. பூஜை அறையில் உட்கார்ந்து, மனசை அமைதியாக்கிக்கொண்டு இன்னொரு தடவை பேசினேன். உடனே போன் வந்தது: "ஆன்ட்டி, இது சாமியக் கூப்பிடுற மாதிரி இருக்குது. நாயக் கூப்பிடுங்க ஆன்ட்டி."

கடைசிக் கட்டம்

சித்திரையில் செல்வி வீட்டுக்கு வந்து, வரைந்ததையெல்லாம் கட்டம் கட்டமாகச் சுவரில் ஒட்டினாள். கடைசிக் கட்டத்தில் ஜானி தறிக்கு அடியில் தூங்கிக்கொண்டே கண்ணை மூடுகிறான். "இப்படித்தானேம்மா?" என்றாள். அன்று காலையில் விளக்கேற்றும்போதே தைரியம் கொடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன்.

பங்குனித் திருவிழாவில் சாமி எங்கள் தெருவுக்கு வரும். வீட்டுக்கு வீடு நிறுத்தி ஆரத்தி எடுப்போம். வாசல் கழுவிக் கோலம் போட்டுச் சுத்தபத்தமாக நிற்கும்போது நாய் குறுக்கே வரக்கூடாது என்று, ஜானியைப் பின்பக்கச் சந்தில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். சாமி வந்ததும் அதிர்வேட்டுப் போட்டார்கள். அவன் பின்கதவைப் பிறாண்டியது எனக்குக் கேட்டது. கையில் ஆரத்தித் தட்டு, நான் போகவில்லை. சாமி நகர்ந்த பிறகு திறந்தால் அவன் இல்லை. நானும் அவள் அப்பாவும் ஊருக்கு வெளியே ஓரிக்கை வரைக்கும் போய், பாலாற்று மணலிலெல்லாம் தேடினோம்; கிடைக்கவில்லை. பரீட்சை நேரத்தில் பெண் அழக்கூடாது என்று, உண்மையைச் சொல்ல மாட்டேன் என அவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

செல்வி என்னைத் திட்டவில்லை. ஒட்டிய கடைசிப் படத்தை மெதுவாகப் பிரித்து எடுத்தாள். "அப்பவே சொல்லியிருந்தா, லீவு போட்டுக்கினு வந்து நானும் தேடியிருப்பேன்மா."

ஐந்து நிமிஷப் படத்துக்கு உண்மையான விவரம் கொடுக்க ஏழு வருஷம் எடுத்துக்கொண்டவள் நான். நீங்களாவது, சாமி வாசலுக்கு வரும் அன்று உங்கள் நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள்.