காதர் அண்ணன் தனக்குத்தானே பேசினாரா?

காதர் அண்ணன் போய்விட்டார்... நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில். டைபாய்டு. டாக்டர் சொன்னதும் அதுதான், வேறு எதுவும் இல்லை.

இதை நம் சூலியா தெரு வாசகசாலைப் பலகையில் நானே ஒட்டுகிறேன். யாரும் கிழிக்க வேண்டாம். கிழித்தால் மறுபடியும் ஒட்டுவேன்.

அடக்கம் முடிந்து திரும்பும் ரிக்‌ஷாவிலேயே ஆரம்பித்துவிட்டீர்கள்.

"மனசைப் பத்திப் படிச்சுப் படிச்சே மனுசனுக்குப் புத்தி பெசகிப் போச்சு லா. பாடாங் கடற்கரையில தானாப் பேசிக்கிட்டுப் போனாரு. என் கண்ணால பார்த்தேன்."

சொன்னவர் வெளியாள் இல்லை. அண்ணன் இங்கே நடத்திய சனிக்கிழமை சைக்காலஜி கிளாஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

கண்ணால் பார்த்தாராம்...

முதல் கிளாஸ் ஞாபகம் இருக்கிறதா? கப்பல் ஆபீஸ் வேலை முடிந்து, அதே கசங்கிய கோட்டோடு அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று இரண்டு பேர் உள்ளே புகுந்து சண்டை போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் கையில் கத்தி என்று எல்லோரும் அடித்துச் சொன்னோம்.

அண்ணன் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்; அவரே ஏற்பாடு செய்த நாடகம். கையில் இருந்தது சுருட்டிய பேப்பர்.

"கோவிச்சுக்காதீங்க. கண்ணு பாதிதான் பார்க்குது, மீதிய மனசு போட்டுக்குது" என்று சிரித்தார்.

அப்புறம் அந்த ஞாபகப் பரிசோதனை. அர்த்தமே இல்லாத சொற்களை மனப்பாடம் செய்து, மறுநாள் எத்தனை நிற்கிறது என்று பார்ப்பது. கமு, தெபி, நொசா, ரிவ... நடந்துகொண்டே சொன்னால் நன்றாக நிற்கிறதா என்று பார்க்கத்தான் அவர் கடற்கரையில் நடந்தார்.

நாமும்தானே கூட நடந்தோம்? முணுமுணுத்துக்கொண்டே... கச்சாங் பூத்தே கடலை விற்பவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லையா? அப்போது நமக்கெல்லாம் என்ன வியாதி?

அண்ணனின் தங்கைக்கு அடுத்த மாதம் நிக்காஹ். உங்கள் பேச்சு அங்கேயும் போய்விட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் இன்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். "தம்பி, எம்புள்ள நல்லாத்தானே இருந்தான்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே இங்கே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளை மாலை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறேன். அந்தச் சொற்களை அவர்கள் முன்னால் சொல்லிக் காட்டப் போகிறேன். கடற்கரையில் நடந்த எல்லோரும் வர வேண்டும். கண்ணால் பார்த்தவர் முதலில்.

கமு, தெபி, நொசா, ரிவ... ஒன்றுகூட மறக்கவில்லை அண்ணே.

போயிட்டு வாங்க.

வேலு